பச்சை விளக்கு எரியுதா?

ஜூனில் குளிர்காலம் வந்தால் எங்கள் ஆற்றங்கரை ஊரில் பாதிப் பேரைக் காணோம். ஓய்வு பெற்றவர்கள் கேரவன் என்கிற சக்கர வீட்டைக் காரின் பின்னால் மாட்டிக்கொண்டு, வெயில் தேடி வடக்கே குவீன்ஸ்லாந்து கடற்கரைக்குப் போய்விடுவார்கள். மிச்சமிருப்பவர்கள் அவர்களுடைய பூனைக்குச் சாப்பாடு வைக்க வேண்டும், தபாலை எடுத்து வைக்க வேண்டும்.

எங்கள் பக்கத்து வீட்டு க்ளெனிஸுக்கு வாய்த்தது, அவளுக்கு அடுத்த வீட்டு டிரெவரின் கார் பேட்டரி.

கேரவன் இழுக்கிற கார் போக, டிரெவரிடம் இருந்த பழைய சிவப்புக் கார் ஊரறிந்தது. நாலு வருஷமாக அதை விற்கப் பார்த்தார். அவர் சொன்ன விலையைக் கேட்டவர்கள் சிரித்துக்கொண்டே போன பிறகு, "இது குடும்பச் சொத்து, விக்கிறதா இல்ல" என்று பேச்சை மாற்றிக்கொண்டார். அதற்கப்புறம் அவர் துடைத்த துடைப்பில் காரில் பெயின்ட் மிஞ்சியதே பெரிய விஷயம்.

கிளம்புகிற அன்று க்ளெனிஸை ஷெட்டுக்குள் கூட்டிப்போனார். சுவரில் புத்தம் புது சார்ஜர். அதிலிருந்து வந்த சிவப்பு கிளிப்பும் கறுப்பு கிளிப்பும் பேட்டரியைக் கவ்விக்கொண்டிருந்தன.

"இது சாதா சார்ஜர் இல்ல க்ளெனிஸ். நிறைஞ்சா தானா நிறுத்திக்கும், குறைஞ்சா தானா ஆரம்பிச்சுக்கும். மாசக்கணக்கா மாட்டியே வைக்கலாம். பேட்டரியைச் சும்மா போட்டு வச்சா செத்துடும். நீ செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணு, பச்சை விளக்கு எரியுதான்னு பாத்துக்கோ."

"என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரில கிடந்தப்ப டாக்டர்கூட எங்கிட்ட இவ்வளவு பேசல."

"விளையாட்டில்ல. இந்தக் கார்ல என் உசுரே இருக்கு."

அவர் மனைவி லொரைன் கேரவன் வாசலில் நின்றபடி கண்ணை உருட்டினாள்.

கார் சாவியை ஓட்டுநர் தலைக்கு மேலே, வெயில் மறைக்கிற மட்டையில் செருகிவிட்டுப் போனார் டிரெவர். எங்கள் ஊரில் எல்லோரும் வைக்கிற இடம் அதுதான். திருடனுக்கும் தெரியும், போலீஸ் சார்ஜண்டுக்கும் தெரியும். முந்தின நாள் கிளப்பில் வேறு, "செப்டம்பர் வரைக்கும் இந்தப் பக்கமே தலை காட்ட மாட்டோம்" என்று நாலு மேசைக்குக் கேட்கும்படி பீற்றிக்கொண்டிருந்தார்.

க்ளெனிஸ் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவள். புல்லெல்லாம் உறைபனி பூத்துக் கிடக்கிற காலை நேரத்தில், இரவு உடுப்பும் ரப்பர் பூட்ஸுமாகப் போய் விளக்கைப் பார்த்துவிட்டு வருவாள். அந்தக் குளிரில் அவளுடைய சொந்தக் கார் பேட்டரியே படுத்துவிட்டது. கடைக்கு நடந்தே போனாளே தவிர, டிரெவரின் சார்ஜரை ஒரு மணி நேரம்கூடக் கழற்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் வரும்.

"பச்சைதானே?"

"பச்சைதான்."

"ஸ்டார்ட் பண்ணிப் பாத்தியா?"

"பாத்தேன். சாவியைத் தொட்டதும் உறுமுது."

"வேற யாராச்சும் அந்தப் பக்கம் வந்தாங்களா?"

"ஒரு ஈ காக்கா வரல. நீ நிம்மதியா இரு."

டிரெவர் பெருமூச்சு விடுவார். ஒவ்வொரு வாரமும் அந்தப் பெருமூச்சு நீண்டுகொண்டே போயிற்று. ஒரு காரின் மேல் மனுஷனுக்கு இவ்வளவு பாசமா என்று க்ளெனிஸுக்கே பாவமாக இருந்தது.

ஆகஸ்ட் மாதம் ஒரு காலை, ஷெட் கதவு திறந்து கிடந்தது. கார் இல்லை. திருடன் கிளிப்புகளை ஒழுங்காகக் கழற்றி, வயரைச் சுருட்டி, ஆணியில் மாட்டிவிட்டுப் போயிருந்தான்.

க்ளெனிஸ் ஓடிப்போய் போலீஸுக்குப் போன் போட்டாள். சார்ஜண்ட் டேமியன் வந்து சாவகாசமாகச் சுற்றிப் பார்த்தார்.

"இந்த ஷெட்டுக்குத் திருடன் வர்றது மூணாவது தடவை க்ளெனிஸ். போன குளிர்லயும் வந்தான், அதுக்கு முந்தின குளிர்லயும் வந்தான். டிரெவர் திரும்பி வந்து பாத்தா கதவு உடைஞ்சிருக்கும், சாவி கார்லயே தொங்கும். ரெண்டு தடவையும் பேட்டரி செத்துக் கிடந்ததால கார் தப்பிச்சுது."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே அவர்."

"வெக்கமா இருந்திருக்கும். வருஷா வருஷம் பேட்டரியைச் சாகடிக்கிறவர்னு ஊர் சிரிக்காதா?"

க்ளெனிஸ் அங்கேயே ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். "அப்ப திருடனுக்கு வண்டியைத் தயார் பண்ணிக் குடுத்தது நான்தானா?"

"அதுவும் தினமும்," என்றார் சார்ஜண்ட். ஆறுதல் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷன்.

இனி டிரெவர் முகத்தில் எப்படி விழிப்பது? அழுதுகொண்டேதான் போன் போட்டாள். விஷயத்தைக் கேட்டதும் அந்தப் பக்கம் விக்கல் போல ஒரு சத்தம்.

"உன் மேல தப்பே இல்ல க்ளெனிஸ். நான் சொன்னதைத்தான் நீ செஞ்ச. அவ்வளவுதான்."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். இந்தப் பெருந்தன்மை அவளை இன்னும் அழவைத்தது.

"சார்ஜரை மட்டும் விட்டுட்டுப் போயிருக்கான்," என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

குவீன்ஸ்லாந்தில் டிரெவர் போனை வைத்துவிட்டு, மடக்கு நாற்காலியில் சாய்ந்து துண்டால் முகத்தைத் துடைத்தார். பக்கத்தில் லொரைன் மத்தியானச் சாப்பாட்டுக்கு இறால் உரித்துக்கொண்டிருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்திருந்தது. அவள் கை நிற்கவில்லை.

"திருடன் மேல தப்பில்ல, பேட்டரி மேலதான் தப்புன்னு ரெண்டு வருஷமா தலைபாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டியா? முதல்ல இன்சூரன்ஸ்காரனுக்குப் போனைப் போடு, நாலு வருஷமா யாரும் குடுக்காத விலையை அவன் குடுக்கட்டும். அப்படியே அந்த சார்ஜரைப் பத்திரமா எடுத்து வைக்கச் சொல்லு, அடுத்த குளிருக்கு என் தம்பி அவனோட வேனுக்குக் கேட்டிருக்கான்."