கோல் போஸ்ட்டில் கேசவ்

ஆட்டோ அங்குலம்கூட நகரவில்லை. தெருவெல்லாம் ஒரே ஹாரன் சத்தம். தலையணை மூட்டை போல மடியில் கிடந்த ஹாக்கி கோல்கீப்பர் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அர்ஜுனன் போனில் கத்திக்கொண்டிருந்தான்.

“சில்க் போர்டுகிட்ட மாட்டிக்கிட்டேன்டா ராம்கி! முன்னாடியும் போக முடியல, பின்னாடியும் போக முடியல!”

மறுமுனையில் டீம் மேனேஜர் ராம்கி தலையில் அடித்துக்கொள்வது இங்கேயே கேட்டது. பெங்களூரில் சில்க் போர்டு டிராஃபிக் என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் யாரும் குறுக்குக் கேள்வி கேட்பதில்லை. தாலி கட்டி முடிந்தபிறகு மண்டபத்துக்கு வந்த மாமன்களையே அந்தப் பெயர் காப்பாற்றியிருக்கிறது.

“எறங்கி ஒரு பைக் டாக்ஸி புடிடா!”

“இந்த மூட்டையோடவா? பேடு, ஹெல்மெட் எல்லாம் இதுலதான் இருக்கு.”

“போச்சு. அப்ப கேசவைத்தான் நிறுத்தணும்.” ராம்கியின் குரல் உள்ளே போய்விட்டது. “இன்னைக்கு ஜெயிக்கலேன்னா பி டிவிஷனுக்கு இறங்கிடுவோம். அப்புறம் கிளப்பையே மூடிடுவாங்க. தெரியும்ல?”

தெரியாமல் என்ன? கேசவ் வருஷக்கணக்கில் பெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருக்கும் மாற்று கோல்கீப்பர். பிராக்டிஸில் புலி. மேட்ச்சில் எப்படி என்று யாருக்கும் தெரியாது, ஏனென்றால் யாரும் அவனை நிறுத்திப் பார்த்ததே இல்லை.

“எனக்கு இடது முட்டி மடங்க மாட்டேங்குது சார், கேசவுக்கு ஒரு சான்ஸ் குடுங்க” என்று அர்ஜுனனே கோச் ஓஸ்வால்டிடம் எத்தனையோ முறை கெஞ்சியிருக்கிறான். “நீ நொண்டிக்கிட்டு நின்னாலே போதும் மேன். ஸ்பேர் டயரை நம்பி ஊட்டிக்குப் போக முடியுமா?” என்று சிரித்துவிட்டுப் போய்விடுவார் அவர்.

இப்போது அவரே போனைப் பிடுங்கினார். “நீ வந்த அடுத்த நிமிஷம் அவனை வெளிய எடுத்துடுவேன். சீக்கிரம் வா மேன்!”

போன் கட்டானது. முன்சீட்டில் டிரைவர் கோவிந்தப்பா இன்ஜினை அணைத்துவிட்டு, காலை நீட்டி உட்கார்ந்து கடலை கொறித்துக்கொண்டிருந்தார். கண்ணாடியில் அர்ஜுனனின் முகத்தைப் பார்த்துப் பொட்டலத்தை நீட்டினார்.

“டென்ஷன் பேடா, வேண்டாம் சார். சொல்ப கடலை சாப்பிடுங்க.”

அர்ஜுனன் வேண்டாமென்று கையை அசைத்தான். போஸ்ட்டுக்கு முன்னால் நிற்கும்போது பயம் வந்தாலும் கையில் மட்டை இருக்கும். இங்கே என்ன இருக்கிறது? பந்து எந்தப் பக்கம் வருகிறது என்று தெரியாது. கத்திச் சொல்லலாம் என்றால் கேசவின் காதில் விழாது. இப்படிக் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருக்கிற பாவம் எதிரிக்கும் வேண்டாம் என்று தோன்றியது.

பக்கத்தில் ஒரு கூச்சல் எழுந்து அடங்கியது. உடனே போன் அடித்தது.

“கோல் விட்டுட்டான்டா! காலுக்கு நடுவுல!”

“அவனைத் திட்டாதீங்கடா. திட்டினா இன்னும் நடுங்குவான்.”

“திட்டாம கொஞ்சுவாங்களா? ஓஸ்வால்ட் சார் தொப்பியைக் கழட்டித் தரையில அடிச்சிட்டாரு. நீ எங்கடா இருக்கே?”

“அதே எடத்துலதான்டா இருக்கேன்.”

“நாசமாப் போச்சு” என்று ராம்கி வைத்துவிட்டான். அர்ஜுனன் பையில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். கிளப் மூடப்பட்டால் அந்தப் பழி கேசவின் தலையில்தான் விழும். அந்தப் பையன் அதற்கப்புறம் மட்டையைத் தொடவே மாட்டான். கடவுளே, அவனை மட்டும் கைவிட்டுவிடாதே என்று வேண்டிக்கொள்வதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

அடுத்த அழைப்பில் ராம்கியின் குரல் கொஞ்சம் தேறியிருந்தது. ஒன்றுக்கு ஒன்று. அதற்கடுத்த அழைப்பில் இரண்டுக்கு ஒன்று, நம் பக்கம். “பெனால்டி கார்னர் எல்லாத்தையும் சுவர் மாதிரி நின்னு தடுக்கறான்டா! இவனை எங்கடா ஒளிச்சு வெச்சிருந்தோம்?”

அர்ஜுனன் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை.

கடைசி அழைப்பு வந்தபோது ராம்கிக்கு மூச்சு வாங்கியது. “முடியப் போற நேரத்துல பெனால்டி ஸ்ட்ரோக் குடுத்துட்டாங்கடா! அடிக்கறவனும் கேசவும் மட்டும்தான். விட்டா டிரா, நாம காலி. கட் பண்ணாதே, அப்படியே இரு...”

அர்ஜுனன் கண்ணை மூடிக்கொண்டான். போனில் சத்தமே இல்லை. பிறகு ஊரே இடிந்து விழுந்ததுபோல ஒரு இரைச்சல்.

“தடுத்துட்டான்டா! இடது பக்கம் பறந்து போய்த் தடுத்துட்டான்! ஜெயிச்சிட்டோம்டா!” ராம்கி அழுதுகொண்டிருந்தான்.

இடது பக்கம். அந்தப் பந்துக்குத் தன்னால் விழுந்திருக்கவே முடியாது என்று அர்ஜுனனுக்குத் தெரியும்.

ஓஸ்வால்டின் குரல் தயங்கித் தயங்கி வந்தது. “கோச்சுக்காதே மேன். நீ சொன்னப்பவே கேட்டிருக்கணும். இனிமே எல்லா மேட்ச்சுக்கும் கேசவ்தான்.”

“சரி சார்” என்றான் அர்ஜுனன். சந்தோஷமும் துக்கமும் ஒன்றாக வந்தன. சின்ன வயதிலிருந்து நின்ற இடம் ஒரு மாலைக்குள் அவனுடையது இல்லாமல் போய்விட்டது.

கோவிந்தப்பா கடலைத் தோலைத் தட்டிவிட்டுத் திரும்பினார்.

“மேட்ச் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ஸ்டேடியம் பின் கேட்ல கொண்டாந்து நிறுத்திட்டேன், இப்பவாவது உள்ள போங்க சார்.”