கப்பல் இருக்குமிடம்

மதிய வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலை இஸ்திரி மேசைமேல் கோடு கோடாக விரித்திருக்கிறது. விமானந்தாங்கிக் கப்பலில் சமையல்காரனாக இருக்கும் கணவனின் சட்டையை அவள் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். தொலைக்காட்சியில் ஒரு நிபுணர் நீல வரைபடத்தின் மேல் குச்சியை ஓட்டுகிறார். "ஏவுகணை அவ்வளவு தூரம் பாயும்தான். ஆனா கப்பல் ஒரு இடத்துல நிக்காதே. எங்க இருக்குன்னு தெரிஞ்சாத்தானே அடிக்க முடியும்?" பீன்ஸ் நறுக்கும் மாமியாரின் கத்தி நின்றுவிடுகிறது. எங்கே இருக்கிறான் என்று ஒரு வார்த்தை சொல்வதில்லை என மகனைத் தினமும் திட்டுகிறவள், இன்று தணிந்த குரலில் கேட்கிறாள். "உன்கிட்டயாவது சொன்னானா?" "இல்ல அத்தை." "நல்லது. சொல்லாமலே இருக்கட்டும்." கத்தி மறுபடி பலகையில் தட்டத் தொடங்குகிறது. இவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, திரையின் அந்த நீலத்தில் எந்தப் பக்கம் பார்ப்பதென்று தெரியாமல், கடல் முழுவதையும் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.