உம்மாவின் சம்மதம்

"உம்மாக்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா நானா? ஒரே ஒரு வார்த்தை?"

மஸீனா கைபேசியைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்தாள். திரையில், மெல்பர்னில் இருக்கும் அண்ணன் ஹுஸ்னி சலிப்போடு கண்ணைத் தேய்த்தான்.

"கேட்டா விளங்கவா போகுது? நேத்து போன்ல என்னையப் பாத்து, இந்தப் பொடியன் யாருன்னு கேட்டாங்க."

"வருஷக் கணக்கா வராத ஆளை வேற எப்பிடிக் கேப்பாங்க? என்னையும்தான் சில நேரம் கேக்குறாங்க. குளிப்பாட்டி விடுற கையப் பிடிச்சுக்கிட்டே, நீ யார் புள்ளன்னு கேக்குறாங்க. அதுக்காக உம்மாட ஊட்டை வித்துப் போடுறதா?"

"வித்தாத்தான் கொழும்புல நல்ல ஹோம் ஒன்னுல வெச்சுப் பாக்கலாம். நர்ஸ்மார் இருப்பாங்க."

"புள்ள நான் உசிரோட இருக்க, உம்மாக்கு ஹோமா?"

"கத்தாமக் கேளு. பவர் ஒஃப் அட்டோனி என் பேர்ல இருந்தா எல்லா வேலையும் இங்கிருந்தே செஞ்சிடுவேன். லோயர் கேக்குறப்ப உம்மா சம்மதம்னு சொல்லணும். அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்ற அந்தச் சொல்லில் மஸீனாவுக்கு உடம்பு பற்றி எரிந்தது.

இந்தக் கோபத்தில் உம்மாவுக்கு எவ்வளவு, தன் தலைக்கு மேலிருக்கும் கூரைக்கு எவ்வளவு என்று அவள் தன்னையே கேட்டுப் பார்த்திருக்கிறாள். பிரித்தெடுக்க முடியவில்லை. ஆனாலும் ஒருத்தியின் வாழ்க்கையை, அவள் அடுத்த அறையில் இருக்கும்போதே மற்றவர்கள் பேசி முடிப்பது அநியாயம். அதில் அவளுக்குச் சந்தேகமில்லை.

"வாப்பா இருந்தா இப்பிடி நடக்குமா? உம்மாவைக் கேக்காம வாப்பா ஒரு மீனாச்சும் வாங்கியிருப்பாங்களா?"

வாப்பா விஷயத்தில் இருவருக்கும் கருத்து வேறுபாடு வந்ததே கிடையாது. மாத்தளையில் யார் வீட்டுக் கல்யாணத்திலும், "முத்தலிப் ஹாஜியாரும் அபீபாவும் போல இருங்க" என்றுதான் பெரியவர்கள் வாழ்த்துவார்கள். வாப்பா போய் ஆறு வருஷமாகியும் அந்த வாழ்த்து போகவில்லை.

வாசலில் ஸலாம் கேட்டது. பகல் ளுஹர் தொழுதுவிட்டு நேரே வந்த, பத்திரம் எழுதும் அன்ஸாப் நொத்தாரிசு தொப்பியைக்கூடக் கழற்றவில்லை; பார்க்கப் பள்ளிவாசல் லெப்பை போலவே இருந்தார். சாட்சிகளாக அவருடைய கிளாக்கரும் பக்கத்து வீட்டு பஸ்லியும் பின்னால் வந்து உட்கார்ந்தார்கள்.

"முதல்லயே சொல்லிடுறேன்," என்றார் நொத்தாரிசு கைபேசியைப் பார்த்து. "உம்மா தன்ட வாயால சம்மதம்னு சொன்னாத்தான் நான் எழுதுவேன். இல்லாட்டி கோர்ட்டுக்குத்தான் போகணும். டொக்டர் ரிப்போர்ட் வேணும், நீங்களும் நேர்ல வரணும். இழுபடும்."

"எனக்கு லீவு இல்ல சேர். இந்த நேரத்துல உம்மா தெளிவா இருப்பாங்க. இப்பவே கேளுங்க."

மஸீனா உம்மாவைக் கைப்பிடித்துக் கூட்டி வந்தாள். ஆண்களைக் கண்டதும் உம்மா முக்காட்டை முகம் மறைய இழுத்துவிட்டு, கதிரையின் நுனியில் உட்கார்ந்தாள். உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தாள். மூடினாள். மறுபடியும் விரித்தாள்.

"இவ்வளவு பேருக்கும் சோறு ஆக்கியாச்சா?" என்று மஸீனாவின் காதில் கேட்டாள். "பசியோட அனுப்பக் கூடாது."

பஸ்லிக்குக் கேட்டுவிட்டது. "பாத்தீங்களா? உம்மாக்கு எல்லாம் தெளிவாத்தான் இருக்கு."

"நீங்க சாட்சிக்கு வந்தீங்களா, சாப்பாட்டுக்கு வந்தீங்களா பஸ்லி?" என்றார் நொத்தாரிசு.

"உம்மா, நான்தான் ஹுஸ்னி," கைபேசி கூப்பிட்டது. "சம்மதம்னு சொல்லுங்க உம்மா."

உம்மா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. தலை இன்னும் கொஞ்சம் தாழ்ந்தது.

"சொல்லிக் குடுக்காதீங்க நானா!" மஸீனா சீறினாள்.

"நீங்களும் பேசக் கூடாது மகள்," என்று நொத்தாரிசு அவளை அடக்கினார். பிறகு உம்மாவின் பக்கம் குனிந்து, நிதானமாகச் சொன்னார். "அபீபா உம்மா, உங்கட பொறுப்பை எல்லாம் இவர்ட கையில ஒப்படைக்கப் போறாங்க. இதுல மத்தவங்கட விருப்பம் முக்கியமில்ல, உங்கட விருப்பம்தான் முக்கியம். சம்மதமா?"

உம்மா வாய் திறக்கவில்லை.

"பேசாம இருக்குறதும் சம்மதம்தானே சேர்?" என்றான் ஹுஸ்னி.

"அது இங்க செல்லாது தம்பி." நொத்தாரிசு குரலை இன்னும் தாழ்த்தினார். "பயப்படாமச் சொல்லுங்க உம்மா. சம்மதமா?"

உம்மா முக்காட்டை மெதுவாக விலக்கினாள். அந்தக் கண்களில் அப்படியொரு கூர்மையை மஸீனா பார்த்து எத்தனையோ மாதமாகிவிட்டது.

"சம்மதமில்ல."

"கேட்டுச்சா நானா?" மஸீனா கைபேசியைத் தூக்கிப் பிடித்தாள். "உம்மாக்கு ஒன்னும் விளங்காதுன்னீங்களே! வாப்பா மாதிரி ஒரு வார்த்தை கேட்டிருந்தா உங்களுக்கும் இந்தப் பதில் எப்பவோ கிடைச்சிருக்கும்!"

திரையில் ஹுஸ்னி முகத்தைத் திருப்பிக்கொண்டான். நொத்தாரிசு பேனையை மூடினார். "இனி என்னால எழுத ஏலாது."

மஸீனா உம்மாவின் காலடியில் உட்கார்ந்து, அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டாள். உம்மா அவளைப் பார்க்கவில்லை. இதுவரை கண்டிராத ஒருவரைக் காண்பதுபோல, தொப்பி போட்ட நொத்தாரிசையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்களாச்சும் கேட்டீங்களே லெப்பை," என்றாள். "ஊட்டுல ஒருத்தரும் என்னையக் கேக்கல்ல. எங்க வாப்பா கையெழுத்துப் போட்டா போடட்டும். எனக்கு அந்த முத்தலிப்போட நிக்காஹ் வேணாம்."