மெதுவாகச் சொல்லுங்கள்

பெட்டியின் ஜிப்பை மூன்றாவது முறையாக இழுத்துப் பார்த்தாள். மூடித்தான் இருந்தது.

டாக்சி பத்தரைக்கு வரும். விமானம் பன்னிரண்டே காலுக்கு. மணி இன்னும் பத்துகூட ஆகவில்லை.

கன்னியர் மடத்தின் தாழ்வாரத்தில் நடந்தாள். திரும்பினாள். மறுபடி நடந்தாள். குஸ்கோ மலைமேல் இருக்கும் ஊர். வேகமாக நடந்தால் மூச்சு வாங்கும்.

வேகமாகத்தான் நடந்தாள்.

வடக்கன்குளத்திலிருந்து பெரு நாட்டுக்கு வந்து நான்கு மாதம். முதலில் ஸ்பானிஷ், பிறகு பள்ளியில் வேலை என்று சபை அனுப்பியிருந்தது. வினைச்சொற்களைச் சுவரில் ஒட்டிவைத்துப் படித்தாள். வகுப்பில் புரிந்தது. சாப்பாட்டு மேசையில் புரியவில்லை. மற்றச் சகோதரிகள் சிரித்து முடித்த பிறகு அவள் சிரித்தாள். பிறகு அதையும் விட்டுவிட்டாள்.

போன வாரம் பாளையங்கோட்டையிலிருந்து மதர் போனில் பேசினார்.

“முடியலன்னா வந்துருங்க சிஸ்டர். யாரும் ஒண்ணும் சொல்லமாட்டோம்.”

அந்தக் கனிவுதான் இன்னும் உறுத்திக்கொண்டிருந்தது.

மற்றவர்கள் காலையிலேயே அவளைக் கட்டித் தழுவிவிட்டுப் பள்ளிக்குப் போய்விட்டார்கள். வீட்டில் அவளும் சமையல்காரி பசிலியாவும் மட்டும்.

சமையலறைக் கதவு திறந்தது.

பசிலியாவின் ஒரு கையில் போன். இன்னொரு கையில் ஜெபமாலை.

“என் மக யெனிக்கு ராத்திரியே வலி எடுத்துருச்சு. இன்னும் பிள்ளை வரல. ஊர்லேர்ந்து இங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்துட்டாங்களாம்.”

பசிலியாவின் தாய்மொழி கெச்சுவா. ஸ்பானிஷை அவளும் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துத்தான் பேசுவாள். சகோதரிகளை ஹெர்மானா என்பாள்.

“நீங்க போகலையா?”

“அங்க எல்லாரும் வேகமாப் பேசுவாங்க, ஹெர்மானா. ஒண்ணும் புரியாது. திரும்பக் கேட்டா சிரிப்பாங்க.”

ஒரு சொல்கூடத் தவறாமல் அவளுக்குப் புரிந்தது.

பசிலியா தரையில் மண்டியிட்டாள். அவளும் பக்கத்தில் மண்டியிட்டாள்.

ஜெபத்தின் முதல் பாதியைப் பசிலியா கெச்சுவாவில் சொன்னாள். அதில் மரியா என்ற பெயர் மட்டும் பிடிபட்டது. அதைப் பிடித்துக்கொண்டு மறுபாதியை அவள் தமிழில் சொன்னாள். பசிலியா திரும்பிப் பார்க்கவில்லை. ஜெபமாலையின் அடுத்த மணிக்குப் போனாள்.

அது முடிந்தது. மறுபடி கெச்சுவா. மறுபடி தமிழ்.

நான்கு மாதத்தில் அவள் தயங்காமல் பேசியது அப்போதுதான்.

ஏழாவது மணியில் வெளியே டாக்சி ஹாரன் அடித்தது. மீண்டும் அடித்தது.

அவள் எழுந்தாள். ஏப்ரனைக்கூடக் கழற்றவிடாமல் பசிலியாவைக் கைபிடித்து இழுத்துப்போய் வண்டியில் உட்கார வைத்தாள். தானும் ஏறிக்கொண்டாள்.

ஓட்டுநர் பின்னால் திரும்பினார். “பெட்டி இல்லையா? ஏர்போர்ட்தானே?”

வகுப்பில் படித்த சொல்தான். தேடினாள். வாயில் வரவில்லை.

“ஆஸ்பத்திரி.”

தமிழில்தான் சொன்னாள். அவர்களின் ‘ஓஸ்பித்தால்’ என்ற சொல்லுக்கு அது அவ்வளவு தூரமில்லை. ஓட்டுநர் தலையசைத்தார். எந்த ஆஸ்பத்திரி என்பதைப் பசிலியா சொன்னாள்.

பிரசவ வார்டு வாசலில் இடமில்லாமல் நின்றார்கள். அவளால் ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. கதவுக்கும் ஜன்னலுக்கும் நடந்தாள். பன்னிரண்டே கால் எப்போது தாண்டியது என்று தெரியாது.

ஒரு டாக்டர் முகக்கவசத்தை இறக்கிக்கொண்டே வெளியே வந்தார். யெனியின் பெயரைச் சொன்னார். பிறகு படபடவென்று என்னென்னவோ சொன்னார். சொல்லிவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

பசிலியாவின் நகம் அவள் மணிக்கட்டில் பதிந்தது.

வழக்கம்போல், புரிந்த மாதிரி அவள் தலை ஆடப்போனது. நிறுத்தினாள்.

“மெதுவாச் சொல்லுங்க டாக்டர். எங்க ரெண்டு பேருக்கும் ஸ்பானிஷ் சரியா வராது.”

யாரும் சிரிக்கவில்லை.

டாக்டர் மூச்சு விட்டுக்கொண்டார். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார்.

பெண் குழந்தை. நன்றாக இருக்கிறது. தாய்க்கு ரத்தம் நிறையப் போய்விட்டது. உடனே ரத்தம் கொடுக்க ஆள் வேண்டும்.

பசிலியா அப்படியே சுவரில் சாய்ந்துகொண்டாள்.

டாக்டர் பசிலியாவை விட்டு அவள் பக்கம் திரும்பினார்.

“நீங்க இவங்களுக்குச் சொந்தமா?”

அதற்குள் அவள் ஸ்வெட்டரின் கையைச் சுருட்டத் தொடங்கியிருந்தாள்.