மூன்றாம் பிரதிவாதி

“மூணாவது பிரதிவாதி...” என்று கோர்ட் டவாலி இழுத்து முடிப்பதற்குள், பின்வரிசையிலிருந்து பூட்டுக்காரர் எழுந்து நின்றார்.

முன்வரிசையில் இருந்த கம்பெனி வக்கீல்கள் ஐந்து பேரும் ஒருசேரத் திரும்பினார்கள். பேயைப் பார்த்த மாதிரி இருந்தது அவர்கள் முகம்.

அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. இந்த மாதிரி வழக்கில் பிரதிவாதி வருகிற வழக்கமே கிடையாது. பத்தொன்பது பேர் மேல் வழக்கு. அதில் பதினெட்டுப் பேருக்கு ‘பெயர் தெரியாதவர், விலாசம் தெரியாதவர்’ என்றுதான் போட்டிருந்தது.

வழக்குப் போட்டது, எல்லோர் செல்போனிலும் வழி காட்டுகிற அந்த வரைபடத்தின் சொந்தக்காரக் கம்பெனி. அதில் போலிப் பூட்டுக்கடைகளை நுழைத்து, சாவியைத் தொலைத்துவிட்டுத் தெருவில் நிற்பவர்களைக் கொள்ளையடிக்கும் கும்பலை ஒழித்துக்கட்டப் போகிறார்களாம்.

பத்திரிகைகளில் முழுப்பக்கத்துக்கு வந்தது. கம்பெனியின் சட்டப் பிரிவுத் தலைவர் கையைக் கட்டிக்கொண்டு முறைக்கிற படம். ‘ஒருவரையும் விடமாட்டோம்’ என்று கீழே கொட்டை எழுத்து.

விடவில்லைதான். பூட்டுக்காரரைப் பிடித்துவிட்டார்கள்.

பஸ் நிலையத்தின் பின்வாசலில், கையை நீட்டினால் இரண்டு சுவரும் தட்டுகிற கடை அவருடையது. இருபத்திரண்டு வருஷமாக அங்கேதான் இருக்கிறது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் வரைபடத்தில் அந்தக் கடையின் போன் நம்பரை எவனோ மாற்றிவிட்டான். கடைப் பெயர் அவருடையது. வாசலில் அவர் சிரித்துக்கொண்டு நிற்கும் போட்டோவும் அவருடையது. நம்பர் மட்டும் வேறு.

கம்பெனிக்கு நாற்பத்தொரு புகார் எழுதினார். ‘உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்’ என்று நாற்பத்தொரு பதில் வந்தது.

உண்மையான கடை என்பதற்கு ஒரு நீல முத்திரை தருவார்கள் என்று கேள்விப்பட்டு, அதற்கும் மனுப் போட்டார். ‘குறிப்பிட்ட விலாசத்தில் கடை எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை’ என்று ஒன்பது வாரம் கழித்துப் பதில் வந்தது. அதை அவர் அந்தக் கடைக்குள் உட்கார்ந்துதான் படித்தார்.

இதற்கிடையில் ஒரு நர்ஸ். கைக்குழந்தை உள்ளே இருக்கக் கதவு பூட்டிக்கொண்டுவிட்டது. வரைபடத்தில் அவர் கடையைத் தேடித்தான் போன் போட்டாள். அந்தக் கதவுக்குப் பூட்டு மாட்டிக்கொடுத்ததே அவர்தான். இரண்டு மணி நேரம் கழித்து இரண்டு பேர் வந்து, நல்ல பூட்டைத் துளைபோட்டு நாசமாக்கிவிட்டு, அவள் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுக்கும்வரை வாசலைவிட்டு நகரவில்லை.

மறுநாள் அவள் கடைக்கு எதிரே வந்து நின்றாள். அவரைப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். இரண்டு அறை அறைந்திருந்தால்கூட அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கியிருக்கும்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது அப்போது வெறும் பழமொழியாக இருக்கவில்லை. சம்மன் வந்தபோதோ வீட்டுக்காரி அழுதாள். அவருக்கு உள்ளூரக் கொஞ்சம் சந்தோஷம். யாரிடமும் வழி கேட்காமல் நேரே கடைக்கு வந்திருந்தது அந்தச் சம்மன்.

“வரைபடத்துல இருக்கிறது உங்க நம்பர் இல்லைன்னு எதை வெச்சு நம்புறது?” என்றார் நீதிபதி.

“நீங்களே ஒரு போன் போட்டுப் பாருங்கம்மா. நான் இங்கதானே நிக்கிறேன்.”

நீதிபதி அம்மா கண்ணாடியைக் கழற்றி அவரை ஒருமுறை பார்த்தார். பிறகு எழுத்தரிடம் தலையசைத்தார்.

மூன்றாவது மணியில் போனை எடுத்துவிட்டார்கள். தேன் தடவிய குரல். கடைப் பெயரைச் சொல்லி வணக்கம் வைத்தது. எந்தக் கதவு என்று கேட்டது. எழுத்தர் திணறிப்போய், தாலுகா கச்சேரி வளாகம், இரண்டாம் மாடி, பெரிய கதவு என்றார். பதினைந்தே நிமிஷத்தில் ஆள் வந்துவிடும் என்றது குரல்.

மண்டபமே சிரித்தது. பூட்டுக்காரர் சிரிக்கவில்லை.

கம்பெனி வக்கீல்களில் இளையவள் அந்த நம்பரைத் தன் மடிக்கணினியில் தட்டிப் பார்த்தாள். முகம் வெளுத்தது. பெரிய வக்கீலின் காதில் ஏதோ சொன்னாள். பெரியவர் உடனே எழுந்து வாய்தா கேட்டார்.

பிரதிவாதி தானாக வருகிறேன் என்கிறபோது வாதிக்கு எதற்கு வாய்தா என்று நீதிபதி மறுத்துவிட்டார்.

பதினான்காவது நிமிஷம், தோளில் துளைக்கருவிப் பையோடு ஒருவன் உள்ளே வந்தான். திறந்திருந்த கதவைப் பார்த்தான். நிறைந்திருந்த மண்டபத்தைப் பார்த்தான். திரும்புவதற்குள் டவாலி கதவைச் சாத்திவிட்டார்.

நீதிபதி சுருக்கமாகச் சொன்னார். பூட்டுக்காரர் பெயரை வழக்கிலிருந்து நீக்குங்கள். அந்த இடத்தில் இந்த ஆளை எழுதிக்கொள்ளுங்கள்.

பூட்டுக்காரர் கைகூப்பினார்.

எழுத்தர் பேனாவை எடுத்து, வந்தவனிடம் பெயரையும் விலாசத்தையும் கேட்டார். அவன் வாயைத் திறப்பதற்குள் பெரிய வக்கீல் நாற்காலி கிறீச்சிட எழுந்தார்.

“மன்னிக்கணும்மா, அதை மட்டும் சபையில கேக்கக் கூடாது. மாசாமாசம் எங்க கம்பெனிக்கு விளம்பரப் பணம் கட்டுறவரு. எங்க வாடிக்கையாளர் விவரத்தை நாங்க யாருக்கும் குடுக்கிறதில்லை.”