வெளியே ஒரு கைப்பிடி

சுத்தியல் விழுந்ததும் அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

அடி விழுந்த சத்தம் கேட்டது. சிதறுகிற சத்தம் கேட்கவில்லை.

"கண்ணத் தொறங்கக்கா. புயலே வந்து முட்டினாலும் இது இப்படித்தான் நிக்கும்" என்றார் கண்ணாடிக் கடைக்காரர்.

அவள் வீட்டு வாசலில் சாய்த்து வைத்திருந்த மாதிரிக் கண்ணாடி முழுக்க விரிசல். ஆனால் ஒரு சில்லுகூடத் தரையில் இல்லை. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே பிசின் போல ஒரு தாள் இருந்து பிடித்துக்கொள்கிறதாம்.

எல்லாரும் உடையுமா என்றுதான் கேட்பார்கள். அவள் வேறொன்று கேட்டாள்.

"கையக் கிழிக்குமா?"

கேட்டதோடு நிற்காமல் விரிசலின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தித் தேய்த்தாள். கடைக்காரர் பதறிப்போனார். அவள் கையைத் திருப்பிப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை.

அப்பாடா.

போன கார்த்திகைப் புயலில் இப்படி ஒரு கண்ணாடி இருந்திருந்தால்!

அன்று காலை கடல் தெருவுக்குள் வந்துவிட்டது. வாசற்கதவின் மேல் வேப்பமரம் சாய்ந்து கிடந்தது. இடுப்பளவுத் தண்ணீரில், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஜன்னலைத் தள்ளினாள். மழையில் ஊறிப் பருத்த மரச்சட்டம் அசைந்தால்தானே? மஸ்கட்டில் இருக்கிற கணவனைக் கூப்பிட்டு என்ன ஆகப்போகிறது?

பக்கத்து வீட்டுக் கலியபெருமாள்தான் வந்தார்.

வெறுங்கையால் கண்ணாடியைக் குத்தினார். உப்புக்காற்று தின்று வைத்திருந்த கம்பிகளைப் பிடுங்கினார். முதலில் பிள்ளையை வாங்கிக்கொண்டார். பிறகு அவளை இழுத்தார்.

தண்ணீர் சிவந்திருந்ததை அவள்தான் முதலில் பார்த்தாள்.

வலை இழுத்த வலது கை. நரம்பு அறுந்து மூன்று விரல்கள் இன்றுவரை மடங்குவதில்லை. அதைப் பார்த்து அவள் கண் கலங்கினால் போதும், மனிதர் சிரிப்பார்.

"மூணு வெரலுதானே தங்கச்சி? இன்னும் ஏழு கெடக்கு!"

இந்த மனிதருக்கு என்னத்தைச் செய்து தீர்ப்பது? சாமிக்கென்றால் மொட்டை போடலாம். பக்கத்து வீட்டுக்காரருக்கு?

"எல்லா ஜன்னலுக்கும் இதே கண்ணாடி போட்டுருங்க" என்றாள். "தெக்குப் பக்கத்து ஜன்னலுக்கு மட்டும் கம்பி வேணாம். வெளிய தொறக்குற மாதிரி ஒத்தைக் கதவு. வெளிப்பக்கமும் ஒரு கைப்பிடி வேணும்."

"வெளிப்பக்கமா? திருடனுக்கு வெத்தல பாக்கு வச்சு அழைக்கிறாப்புல இருக்கேக்கா!"

"இருக்கட்டும்."

அவர் தலையைச் சொறிந்தார். இத்தனை வருஷத் தொழிலில் இப்படி யாரும் கேட்டதில்லை.

"சரி, எவ்ளோ ஒயரத்துல?"

அவள் தெற்கு வேலியோரம் போய்க் குரல் கொடுத்தாள். கலியபெருமாள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

"இந்த ஜன்னலுக்கு வெளிய நில்லுங்கண்ணே. கையத் தூக்குங்க."

"எதுக்கு தங்கச்சி?"

"தூக்குங்களேன்."

பழக்கத்தில் வலது கையைத் தூக்கினார். மடங்காமல் நின்ற விரல்களைப் பார்த்துத் தானே சிரித்துக்கொண்டார். அதை இறக்கிவிட்டு இடது கையை உயர்த்தினார்.

"அங்கதான்" என்றாள் அவள்.

கடைக்காரர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். அந்தக் கைக்கு நேராகச் சுவரில் ஒரு கோடு போட்டார்.