கொடியில் ஒரு பை

அம்மா பாலித்தீன் பைகளைக்கூடக் கழுவிக் கொடியில் காயப்போடுவாள். "மக்காத சனியனுக்குக் குளியல் வேறயா?" என்று மகள் எரிந்து விழுவாள்.

"மக்காதுல்ல? அப்போ நான் போனப்புறமும் உனக்கு ஆகும்டி."

அம்மா போனதும் அத்தனை பைகளையும் மகள் மூட்டை கட்டி வெளியேற்றினாள். பிறகு துணிப்பைதான். ஒருநாள் மட்டும் அதை மறந்து, தக்காளியைப் பாலித்தீன் பையில் வாங்கிவந்து, பையைக் குப்பையில் எறிந்தாள். காலையில் அது கொடியில் கிளிப் மாட்டி, நீர் சொட்டத் தொங்கியது. வீட்டில் அவளைத் தவிர யாருமில்லை.

அன்று மாலை கடைக்காரர் சிரித்தார். "என்னம்மா, பை கேக்குறவங்களையெல்லாம் திட்டித் தீர்ப்பியே, உன் துணிப்பை எங்க?"

"மறந்துட்டேண்ணா. ஒரு பை குடுங்க" என்றவள், துணிப்பையைத் தோள்பைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளினாள்.